செழித்த ஊரில் யார் செழித்தார்கள்? திருச்சியின் நஞ்சையும் புஞ்சையும்

தமிழ்நாட்டையும் பீகாரையும் ஒப்பிட்டுப் பேசுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. சிசு மரணம், பெண் கல்வி, தனிநபர் வருமானம் என்று வரிசையாக எண்களை அடுக்கி, தெற்கு எங்கேயோ போய்விட்டது, வடக்கு அங்கேயே நிற்கிறது என்று முடிக்கிறார்கள். எண்கள் பொய்யில்லை. ஜான் டிரேஸும் அமர்த்தியா சென்னும் பல ஆண்டுகளாக எழுதி வருவதும் ஏறக்குறைய இதையேதான். சத்துணவு, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றால் பயன்பெற்றவர்களில் நம் மக்கள் முக்கியமானவர்கள். அதை மறுக்க இதை எழுதவில்லை.

என் கேள்வி வேறு. ஒரு வட்டாரத்தின் வாழ்க்கைத் தரம் என்கிறீர்களே, அது யாருடைய வாழ்க்கை? சராசரி என்பது ஊரையும் சேரியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கி எடுக்கும் வித்தை. தெருவில், கிணற்றில், சுடுகாட்டில் நம்மோடு கலக்க மறுப்பவர்கள் புள்ளிவிவரத்தில் மட்டும் தாராளமாகக் கலந்துவிடுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள பாட்னா வரை ரயில் ஏற வேண்டாம். பழைய திருச்சி மாவட்டம் போதும்.

1995இல் கரூர், பெரம்பலூர் என்று பிரிக்கப்படுவதற்கு முன்பு இருந்த திருச்சி மாவட்டத்தை வரைபடத்தில் பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்காகக் காவிரி ஓடுகிறது. அதன் இரு பக்கமும் குளித்தலை, முசிறி, ஸ்ரீரங்கம் தீவு, லால்குடி என்று ஒரு பச்சைப் பட்டை. அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்தால் மணப்பாறை, துறையூர், பெரம்பலூர் என்று வானம் பார்த்த பூமி. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் போய்விடுகிறது, காவிரி தூர்ந்துபோகிறது என்றுதான் 1836க்கும் 1838க்கும் இடையில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். அதற்குப் பிறகு கீழே இருந்த நஞ்சைக்குத் தண்ணீர் உறுதியானது. நஞ்சைக்குத் தீர்வை அதிகம், விளைச்சல் அதிகம், கோயில் அதிகம், வேதம் படித்தவர்கள் அதிகம். ஆங்கிலேய அதிகாரி எவரைக் கேட்டாலும் மாவட்டத்தின் வளமான பகுதி எது என்று கைகாட்டியிருப்பார்.

அந்த வளமான பகுதியில்தான் மனிதர்கள் அடிமைகளாக இருந்தார்கள்.

இது கோஷம் இல்லை. 1819இல் சென்னை மாகாண வருவாய் வாரியம் மாவட்டம் மாவட்டமாக அடிமை முறை பற்றி விசாரித்தது. திருச்சியிலிருந்து போன அறிக்கையில் உழைப்பு அடிமைகளாகக் கணக்கிடப்பட்டவர்கள் பெரும்பாலும் நஞ்சைத் தாலுகாக்களில் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில். புஞ்சைத் தாலுகாக்களில் இருந்தவர்கள் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், ஒரே சட்டம். கோடு போட்டது தண்ணீர். பொருளாதார வரலாற்றாசிரியர் தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தன் நூலில் மாகாணம் முழுவதற்கும் இதே ஒழுங்கைக் காட்டினார். நெல் எங்கே அதிகமோ அங்கே நிலமற்ற அடிமைச் சாதிகளும் அதிகம்.

ஏன் அப்படி? நெல் வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேறு அடிக்க வேண்டும், வரப்பு வெட்ட வேண்டும், நாற்றுப் பறிக்க வேண்டும், நட வேண்டும், களை எடுக்க வேண்டும், இரவில் மடை திறந்து காவல் இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட ஒரு வாரம் தள்ளிப்போகக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரோ ஏரைத் தொடக் கூடாது என்று சாத்திரம் பேசுபவர். தண்ணீர் வரும் நாளில் ஆள் இல்லாமல் போனால் அவருக்கு அந்தப் போகமே போச்சு. அதனால் ஆளை அசையவிடக் கூடாது. பண்ணையாள் முறையின் சூட்சுமம் இவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கொஞ்சம் பணம், ஒரு துண்டு நெல் வயல், தீபாவளிக்கு ஒரு வேட்டி. அதற்குப் பதிலாக அப்பனும் மகனும் பேரனும். புஞ்சையில் அந்த அவசரம் இல்லை. கம்பும் சோளமும் விதைத்தவர் குடும்பத்தோடு தானே களையெடுத்து, தானே அறுத்துக்கொள்வார். ஆண்டு முழுவதும் பத்துப் பேரைக் கட்டிப்போட அவருக்குத் தேவையும் இல்லை, வசதியும் இல்லை.

1843இன் ஐந்தாவது சட்டம் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றத்தில் இருந்த அங்கீகாரத்தை எடுத்தது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. கடன் பத்திரம் மட்டும் பத்திரமாக இருந்தது. கடன்பட்டவன் எங்கே போவான்?

இனி ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவு. 156 ஏக்கரில் ஏழு பிராகாரம். வெளிப் பிராகாரங்களில் வீதிகள், வீடுகள், கடைகள். 1987இல் முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம். பூலோக வைகுண்டம் என்று பெயர். உலகத்தில் இப்படி ஒரு கோயில் நகரம் இல்லை என்று சுற்றுலாத் துறை சொல்கிறது, சரிதான். இந்த வைகுண்டத்துக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று சுற்றுலாத் துறை சொல்வதில்லை. கோயிலுக்கும் கோயிலைச் சார்ந்தவர்களுக்கும் சொந்தமான நஞ்சையில் இருந்து வந்தது. அந்த நஞ்சையில் முழங்கால் சேற்றில் நின்றவர்கள் ஏழு மதிலுக்கும் வெளியே இருந்தார்கள்.

வீதியின் முகப்பை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். திண்ணை, கோலம், தூண். கொல்லைப்புறத்துக்குப் போங்கள். பழைய அக்ரகாரங்களில் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் அள்ளுபவர் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்பதற்காக விடப்பட்ட பாதை அது. ஒரு தெருவின் வாழ்க்கைத் தரத்தைக் கணக்கெடுக்கிறவர் முன்வாசலில் நின்று எண்ணினால் ஒரு விடை வரும். பின்சந்தில் நின்று எண்ணினால் வேறு விடை வரும்.

திருப்பாணாழ்வார் கதையை இந்த இடத்தில் நம்மிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். பாணர் குலத்தவர், தென்கரையில் உறையூரைச் சேர்ந்தவர். தன் கால் பட்டால் தீவு தீட்டாகும் என்று ஆற்றைக் கடக்காமல் கரையிலேயே நின்று பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்லியும் கேட்கவில்லை என்று கல்லால் அடித்தார், ரத்தம் வந்தது. பிறகு அரங்கன் ஆணையிட, அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து சன்னதிக்குக் கொண்டு போனார். பார்த்தீர்களா, வைணவத்தில் சாதி இல்லை என்பார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. அந்தக் கதையிலும் அவர் கால் தீவின் மண்ணில் படவே இல்லை! உள்ளே போனவர் திரும்பி வரவும் இல்லை, அரங்கனோடு கலந்துவிட்டார் என்று முடிக்கிறார்கள். தென்கரையில் அவர் விட்டுவிட்டு வந்த குடும்பமும் தெருவும் என்ன ஆயின என்று எந்த குருபரம்பரையும் பேசவில்லை. ஒருவரைத் தோளில் ஏற்றிய மரபு அது. மற்றவர்கள் நுழைய 1939க்கும் 1947க்கும் இடையில் சட்டமன்றம் ஆலயப் பிரவேசச் சட்டங்களை இயற்ற வேண்டியிருந்தது.

நஞ்சைச் சேரியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். குடிசை நிற்கும் மண் யாருடையது?

நஞ்சை ஊர்களில் ஒரு சாண் நிலம்கூட வீணாக விடப்படுவதில்லை. வயலுக்கு நடுவே கொஞ்சம் மேடு தட்டிய இடத்தில், பல நேரங்களில் மிராசுதாரின் பட்டா நிலத்திலேயே, சேரி இருந்தது. கூலி கூடக் கேட்டால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். சுற்றிலும் அவர் வயல் என்பதால் நடக்க வழியும் போகும், ஆடு மேய இடமும் போகும். கோபப்படுவதற்கே ஒரு காலடி மண் வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வர 1971 வரை ஆனது. குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு அந்த மனையை உரிமையாக்கிய சட்டம் அது. 1892இல் ஆங்கிலேய அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க முடிவெடுத்தபோதும் கொடுத்தது தரிசாகக் கிடந்ததைத்தான். தரிசே இல்லாத நஞ்சை ஊரில் கொடுக்க என்ன இருந்தது?

அப்படியானால் புஞ்சையில் நாம் சொர்க்கத்தில் இருந்தோமா? அங்கேயும் தனிக் குவளை, தனிச் சுடுகாடு. அருந்ததியர் கமலைக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்து, செத்த மாட்டைத் தூக்கி, களத்து மேட்டில் கடைசியாக மிஞ்சியதைக் கூலியாக வாங்கினார்கள். மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடந்தது அவர்கள்தான். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் காவிரிப் பாசன ஊர்களுக்கு இருந்த அரண் மானாவாரி ஊர்களுக்கு இல்லை. கணக்கைச் சுலபமாக்க வேண்டும் என்று புஞ்சைக்குப் பொன்முலாம் பூசக் கூடாது. பெரம்பலூரையும் பாருங்கள். வறண்ட மாவட்டம்தான், ஆனால் 2011 கணக்கெடுப்பில் அங்கே பட்டியல் சாதியினர் சுமார் 31 சதவீதம். தமிழ்நாட்டிலேயே அதிகம் என்ற இடத்தில் இருப்பது டெல்டாவின் திருவாரூர், சுமார் 34 சதவீதம். மாநிலச் சராசரி 20. நெல்லுக்குப் பக்கத்தில் நாம் அதிகம் என்ற விதி பெரிய அளவில் பொருந்தும். பெரம்பலூர் மாதிரி சில இடங்களில் பொருந்தாது.

புஞ்சையில் இருந்தது ஒன்றே ஒன்று, போவதற்கான வழி. கட்டிப்போடும் அளவுக்கு அங்கே எவரிடமும் நெல் இல்லை. அதனால் ஆள் கிளம்பினான். இலங்கைத் தோட்டத் துரைமார் ஆள் பிடிப்பதற்காக 1904இல் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் எங்கே இருந்தது தெரியுமா? கொழும்பில் இல்லை, கண்டியில் இல்லை. திருச்சியில் இருந்தது. துறையூர், முசிறி, நாமக்கல், புதுக்கோட்டைப் பக்கத்துக் காய்ந்த ஊர்களிலிருந்து கங்காணிகள் மக்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். மலையேறியவர்களில் பறையர், பள்ளர், அருந்ததியர் பெரும் பங்கு. அங்கே காத்திருந்தது லயம், கடன், அட்டைக்கடி. 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் முன்பின் பார்த்திராத தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் சொல்கிறேன், போக முடிந்தது என்பதே ஒரு ஆயுதமாக இருந்தது. நாகப்பட்டினம் வழியாக மலேயாவுக்குக் கப்பல் ஏறத் தொடங்கிய பிறகுதான் தஞ்சை மிராசுதார்கள் ஆள் கிடைக்கவில்லை, இருக்கிறவன் மரியாதை தருவதில்லை என்று அரசாங்கத்திடம் புலம்ப ஆரம்பித்தார்கள். அந்தப் புலம்பலைப் படிக்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

தென்கரைக்கு வருவோம். ஆற்றின் இந்தப் பக்கம், திருச்சிக் கோட்டையும் கண்டோன்மென்ட்டும் இருந்த பக்கம், கோயிலாலும் நெல்லாலும் மட்டும் வாழவில்லை. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் பாதை திருச்சி வந்து சேர்ந்தது. உறையூரில் சுருட்டுப் பட்டறைகள். செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் தொழில். மிஷன் பள்ளிகள். 1928 வாக்கில் பொன்மலையில் ரயில்வே பணிமனை முழு அளவில் வந்தது. 1960களில் பெல் தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை. இவற்றில் எல்லாம் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணத்தைப் பிரித்துவைத்த சுவரை அறிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தோல் பதனிடும் இடத்தின் நாற்றத்தில் யார் நின்றார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

என்றாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பொன்மலையில் கூலி மாதக் கடைசியில் ரூபாயாக வந்தது. களத்து மேட்டில் கையேந்தி நின்று வாங்கும் நெல்லாக வரவில்லை. ரயில்வே குடியிருப்பு மிராசுதாரின் மனையில் இல்லை. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. அதற்கு மேல் துரை கூப்பிட்டாலும் போக வேண்டியதில்லை. அம்பேத்கர் நம்மைக் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னதன் பொருள் இதுதான். ஸ்ரீரங்கத்துக்கும் பொன்மலைக்கும் இடையே சில மைல்தான். ஒரு தலைமுறையில் பண்ணையாளின் மகன் பிட்டர் ஆனது அந்தச் சில மைலில்தான்.

நஞ்சையில் சட்டங்கள் மெதுவாக வந்தன. தஞ்சைக்கு 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். திருச்சிக்கென்று 1958இல் கையேருவாரம், மாட்டுவாரம் பற்றிய தனிச் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கு முன்னாலும் செங்கொடியோ கறுப்புக் கொடியோ பிடித்து அடிபட்டவர்கள் இருந்தார்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் நெல் கூலிக்காகத்தான். அதுவும் தமிழகத்தின் நெற்களஞ்சியத்தில்.

இந்த நஞ்சை, புஞ்சை ஒப்பீட்டை ஊர் ஊராகச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வெங்கடேஷ் ஆத்ரேயா, யோரான் யூர்ஃபெல்ட், ஸ்டாஃபான் லிண்ட்பெரி மூவரும் 1979-80இல் பழைய திருச்சி மாவட்டத்தின் ஆறு ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சில ஊர்கள் காவிரிக் கால்வாய்ப் பாசனம், சில ஊர்கள் வறண்டவை. 1990இல் நூலாக வந்தது. நஞ்சை ஊர்களில் மேலே நில உடைமையாளர், கீழே நிலமற்ற கூலிகள், நடுவில் பெரும் இடைவெளி. வறண்ட ஊர்களில் தன் குடும்ப உழைப்பில் பயிர் செய்யும் சிறு விவசாயிகள் அதிகம். நாடு விடுதலை அடைந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் 1819இன் சாயல் அப்படியே தெரிந்தது. 25 ஆண்டு கழித்து 2004-05இல் அந்த ஊர்களுக்கே ஆய்வுக் குழு திரும்பப் போனபோது நிலைமை மாறியிருந்தது. பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்திருந்தது. விவசாயத்துக்கு வெளியே வேலை பெருகியிருந்தது. அரசின் நலத்திட்டங்கள் வீட்டுக்குள் வந்திருந்தன.

இதைப் படித்துவிட்டு நிலச்சீர்திருத்தம் வென்றது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நம் மக்கள் பெரும்பாலும் நிலத்தைப் பெற்று உயரவில்லை, நிலத்தை விட்டு உயர்ந்தார்கள். கொத்தனார் வேலைக்கு, திருப்பூருக்கு, சிங்கப்பூருக்கு, இட ஒதுக்கீட்டில் கிடைத்த ஒரு குமாஸ்தா வேலைக்கு என்று போனார்கள். அக்ரகாரத்துப் பிள்ளைகளும் நிலத்தை விட்டுத்தான் போனார்கள். விற்ற பணத்தோடு போனார்கள். அந்த நிலத்தைப் பெரும்பாலும் இடைநிலைச் சாதிகள் வாங்கின.

ஒருவர் நிமிரும்போது ஊர் என்ன செய்யும் என்பதற்கு 2002 மே மாதம் லால்குடிப் பக்கம் திண்ணியத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். தொகுப்பு வீட்டுக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்ட விவகாரத்தில் நியாயம் பேசிய இரண்டு தலித்துகள் வாயில் மலத்தைத் திணித்தார்கள். இரண்டாயிரம் ரூபாய் பிரச்சினை என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டுப் பிரச்சினை என்று நான் எழுதுவேன். நஞ்சை ஊர், தலித்துக்கு ஒரு வீடு. பழைய கதைதான்.

1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்துத் திருச்சி மாநகராட்சி ஆனது. தீவும் தென்கரையும் நிர்வாகத்தில் ஒன்று. 2016இல் நடந்த தூய்மை நகரக் கணக்கெடுப்பில் திருச்சிக்கு இந்தியாவில் மூன்றாவது இடம். பெருமைப்பட்டோம். அந்த இடத்தை வாங்கிக் கொடுத்த துப்புரவுப் பணியாளர்கள் எந்தச் சாதி, எத்தனை பேர் ஒப்பந்தக் கூலி, எத்தனை பேருக்குச் சொந்த வீடு என்ற கேள்விக்கு அந்த மதிப்பெண் பட்டியலில் ஒரு கட்டம் இருந்திருந்தால் எத்தனையாவது இடம் வந்திருக்கும்?

இப்போது டெல்டாவைக் காப்போம் என்ற குரல் கேட்கிறது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்துவிட்டது. ஹைட்ரோகார்பன் கிணறு வேண்டாம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அந்த நச்சுத் தண்ணீரை முதலில் குடிக்கப் போவதும் நாம்தான். ஆனால் அந்தச் சட்டம் நிலம் நிலமாகவே இருக்க வேண்டும் என்கிறது. யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மேடையில் விவசாயி என்று சொல்லும்போதெல்லாம் சொந்தமாகப் பட்டா வைத்திருப்பவரைத்தான் சொல்கிறார்கள்.

லால்குடி, முசிறி, குளித்தலைப் பக்கத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவில் எத்தனை வீட்டு மனைக்குப் பட்டா இருக்கிறது, எத்தனைக்கு இல்லை, இல்லாத மனை இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேளுங்கள். 1971 சட்டத்தின்படி மனு கொடுத்து நிலுவையில் இருந்தால் அந்த மனு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.